சுழற்காற்றுக்கு நாள் குறித்தவர்கள்

சித்திரை மாதப் பிறப்பன்று புதுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தால், இவ்வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் சமுத்திரத்தில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை பங்கு, பூமியில் இத்தனை பங்கு என்று கணக்காக எழுதியிருப்பதைக் காணலாம். மழை பொய்த்துவிட்டால் நாம் யாரும் பஞ்சாங்கக்காரருடன் சண்டைக்குப் போவதில்லை. பூமியின் பங்கும் தவறிப்போய்ச் சமுத்திரத்திலேயே விழுந்துவிட்டது போலும் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வானிலை இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர், நாளை மாலை மழை வரும் என்று சொல்லிவிட்டு அது வராமல் போனால், மறுநாள் காலையில் அவர் பால்காரனிடம்கூடத் தலை நிமிர்ந்து பேச முடியாது. இவ்வுலகத்தில் இந்த உத்தியோகத்தைப் போல் பரிதாபமான உத்தியோகம் வேறு இல்லை.

அப்படிப்பட்ட உத்தியோகஸ்தர்கள் இருவர், மழையை அல்ல, வானத்திலிருந்து இறங்கி வந்து வீட்டையும் மாட்டையும் தூக்கிக்கொண்டு போகும் பயங்கரமான சுழற்காற்றையே நாளும் வேளையும் குறித்துச் சொல்லத் துணிந்த கதையைத்தான் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறேன். இது நடந்தது 1948-ம் வருஷம், அமெரிக்காவின் மத்திய பாகத்திலுள்ள ஓக்லஹோமா மாகாணத்தில்.

ஓக்லஹோமா நகரத்துக்கு வெளியே டிங்கர் ஆகாயப் படைத் தளம் என்று ஒன்று இருக்கிறது. பெரிய பெரிய குண்டு வீச்சு விமானங்களைப் பழுது பார்க்கும் தளம் அது. யுத்தம் முடிந்து, வேலையில்லாமல் நிறுத்தி வைத்திருந்த விமானங்களும் அங்கே வரிசை வரிசையாய் நின்றன. 1948 மார்ச்சு மாதம் 20-ந் தேதி இரவு, அத்தளத்தின் வானிலை அறையில் காப்டன் ராபர்ட் மில்லர் என்பவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கலிபோர்னியாக்காரர், யுத்த காலத்தில் தென் பசிபிக் தீவுகளில் விமானிகளுக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தவர். ஓக்லஹோமாவுக்கு மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தச் சமவெளியின் வசந்த கால வானம் எப்பேர்ப்பட்ட துஷ்ட வானம் என்பதை அவர் இன்னும் நேரில் கண்டதில்லை.

இரவு 9 மணி சுமாருக்கு அவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். மணிக்கு 35 மைல் வேகம் வரையில் காற்று அடிக்கலாம் என்பது அதன் சாரம். அதாவது, தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சிறிது நேரத்துக்கெல்லாம் தென்மேற்கே இடி மேகங்கள் திரண்டு வருவதாகத் தெரிந்தது. 9 மணி 52 நிமிஷத்துக்கு, ஏழு மைல் தூரத்திலுள்ள வில் ரோஜர்ஸ் விமான நிலையத்திலிருந்து செய்தி வந்தது. மணிக்கு 92 மைல் வேகத்தில் காற்று வீசியது என்றும், விமான நிலையத்தின் அருகே சுழற்காற்று ஒன்று காணப்பட்டது என்றும், அது வடகிழக்கு நோக்கி நகருகிறது என்றும் அதில் கண்டிருந்தது. வில் ரோஜர்ஸுக்கு வடகிழக்கில் இருப்பது டிங்கர் தளந்தான்.

10 மணிக்கு அது வந்துவிட்டது. மின்னல் வெளிச்சத்தில் அந்த ராட்சஸத் துதிக்கை ஓடுபாதைகளின் மேல் நடந்து வருவது தெரிந்ததாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடிகள் நொறுங்கி உள்ளே இருந்தவர்களைக் காயப்படுத்தின. விமானங்கள் குழந்தைகள் எறிந்த பொம்மைகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. சில நிமிஷங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை என்பது தெய்வாதீனம். பொருட்சேதம் ஒரு கோடி டாலருக்கு மேல்.

35 மைல் காற்று என்று ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் எழுதிக் கையெழுத்திட்ட காப்டன் மில்லரின் மனநிலையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். புயல் என்றவுடன் நமக்கு வங்காள விரிகுடாவில் உற்பத்தியாகிக் கரையேறும் புயல்தான் நினைவுக்கு வரும். அது நூற்றுக்கணக்கான மைல் அகலமுள்ளது. நாட்கணக்கில் உயிரோடிருந்து கடலில் நடமாடிய பிறகுதான் கரைக்கு வரும். அதற்கு 'ஸைக்ளோன்' என்று நாமகரணம் செய்தவர் கல்கத்தாவில் வசித்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். மாலுமிகளுக்காக அவர் எழுதிய நூல் 1848-ல் வெளிவந்தது. நான் சொல்லும் அமெரிக்கச் சுழற்காற்றோ முற்றிலும் வேறு ஜாதி. 'டார்னேடோ' என்பார்கள். இடி மேகத்தின் அடிவயிற்றிலிருந்து புனல் வடிவில் கீழே தொங்கும். பெரும்பாலும் அதன் அகலம் சில நூறு கெஜந்தான். ஆயுள் சில நிமிஷங்கள்தான். தெருவின் இந்தப் பக்கத்து வீட்டைச் சல்லிக் கற்களாக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருக்கும் செம்பைக்கூட அசைக்காமல் போய்விடும். ஆனால் எல்லாச் சமயத்திலும் அது அற்பாயுசு அல்ல. 1925-ம் வருஷம் மார்ச்சு 18-ந் தேதி மிஸ்ஸௌரி, இல்லினாய், இந்தியானா ஆகிய மூன்று மாகாணங்களின் ஊடே ஒரே சுழற்காற்று 219 மைல் தூரம், மூன்றரை மணி நேரம், நிற்காமல் ஓடி 695 பேரைக் கொன்றது. அன்று காலையில் ஒருவரும் அந்த ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? தெரியாததனால் மட்டும் அன்று. சொல்லக்கூடாது என்று உத்தரவு இருந்தது!

இது ஒரு வேடிக்கையான, வருந்தத்தக்க சரித்திரம். 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவின் வானிலைப் பணி ராணுவத்தின் ஸமிக்ஞைப் படையின் வசத்தில் இருந்தது. அதில் ஸார்ஜெண்டாக இருந்த ஜான் பின்லி என்ற இளைஞர் சுழற்காற்றுப் பைத்தியம் பிடித்தவர். சேதமடைந்த ஊர்களுக்கெல்லாம் நேரில் சென்று, எந்த மரம் எந்தத் திசையில் விழுந்தது, எந்தக் கூரை எங்கே போய்க் கிடந்தது என்று அளந்து குறித்துக்கொண்டார். 600 சுழற்காற்றுகளைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 1882-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டார். கண்டதை எழுதி அனுப்ப நூற்றுக்கணக்கான தொண்டர்களைச் சேர்த்தார். பிறகு 1884-ம் வருஷம் மார்ச்சு மாதம் முதல், ராக்கி மலைகளுக்குக் கிழக்கேயுள்ள தேசத்தைப் பதினெட்டுப் பிரிவுகளாகப் பிரித்து, தினம் இருமுறை, இந்தப் பிரிவில் சுழற்காற்று உண்டு, இந்தப் பிரிவில் இல்லை என்று முன்கூட்டியே எழுதி வைத்துச் சோதித்துப் பார்த்தார். இவை பொதுஜனங்களுக்கு வெளியிடப்படவில்லை. மூன்று மாதங்களில் 2803 ஜோஸ்யங்கள் ஆயின. அவற்றில் 2708 பலித்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றாறரைக்கு மேல்! நம் ஊர் நாடி ஜோஸ்யர்கள்கூட இத்தனை சதவிகிதம் உரிமை கொண்டாடுவதில்லை.

பின்லி இந்தக் கணக்கை வெளியிட்டதும், கில்பர்ட் என்ற பூகர்ப்ப சாஸ்திரி ஒருவர் காகிதமும் பென்ஸிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கண்டுபிடித்தது இது. மொத்தம் 2803 சந்தர்ப்பங்களில் உண்மையில் சுழற்காற்று வந்தது 51 சந்தர்ப்பங்களில்தான். ஆகவே ஒருவர் வானத்தையே பாராமல், படுக்கையில் படுத்தபடியே, "இன்று சுழற்காற்று இல்லை, இன்றும் இல்லை" என்று 2803 தடவை சொல்லியிருந்தால், 2752 தடவை அவர் வாக்குப் பலித்திருக்கும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல்! ஒன்றும் செய்யாத சோம்பேறி, ராப்பகலாய் உழைத்த பின்லியை ஜயித்துவிட்டான்!

கில்பர்ட்டின் கணக்கில் பிழை இல்லை. பார்க்கப்போனால் இன்றைய புள்ளிவிவர சாஸ்திரத்தில் அது ஒரு பாடமாகவே ஆகிவிட்டது. ஆனால் அதே கணக்கை வேறு விதமாகவும் பார்க்கலாம் அல்லவா? வந்த 51-ல் 28-ஐப் பின்லி முன்னதாகவே சொல்லியிருந்தார். நமது சோம்பேறி ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அந்த 28 இடங்களில் குடியிருந்தவர்களிடம் போய், உங்களுக்கு யாருடைய கணக்கு வேண்டும் என்று கேட்டிருந்தால் தெரியும். மறுபக்கமும் உண்டு. பின்லி "சுழற்காற்று வரும்" என்று சொன்னது 100 தடவை. அதில் வராமல் போனது 72 தடவை. மேலதிகாரிகளுக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. சுழற்காற்று என்ற சொல்லைக் கேட்டாலே ஜனங்கள் கதிகலங்கி ஓடுவார்கள், அதனால் விளையும் கேடு சுழற்காற்றினால் விளையும் கேட்டைவிட அதிகமாயிருக்கும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். 1887-க்குள் வானிலை அறிக்கைகளில் அந்தச் சொல்லே வரக்கூடாது என்று தடை ஏற்பட்டுவிட்டது. 1891-ல் வானிலைப் பணி ராணுவத்தின் கையிலிருந்து விவசாய இலாகாவுக்கு மாறியபோது தடையும் கூடவே சீதனமாய்ப் போயிற்று. 1938-ல் சிறிது தளர்த்தினார்கள் என்றாலும் நடைமுறையில் ஒருவரும் அச்சொல்லை உச்சரிக்கத் துணியவில்லை. பின்லி 1943-ல் காலமானார்.

யுத்த காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, சுழற்காற்று தெரிந்தால் தகவல் சொல்லும்படி ஏற்பாடு செய்தார்கள். அது வந்ததைக் கண்டு சொல்வது, வரப்போவதைச் சொல்வதன்று. 1947 ஏப்ரல் 9-ந் தேதி இரவு ஓக்லஹோமாவின் உட்வர்ட் என்ற சிற்றூரில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டபோதும் முன்னறிவிப்பு எதுவும் கிடையாது.

இனி டிங்கர் தளத்துக்குத் திரும்புவோம். மறுநாளே வாஷிங்டனிலிருந்து ஜெனரல்கள் அடங்கிய விசாரணைக் குழு விமானத்தில் வந்து இறங்கியது. மில்லரும், அவருக்கு மேலதிகாரியான மேஜர் எர்னெஸ்ட் பாபுஷும் விசாரிக்கப்பட்டார்கள். இன்றைய அறிவு நிலையில் இதை முன்கூட்டிச் சொல்வது எவராலும் சாத்தியமில்லை, இது தெய்வச் செயல் என்று குழு தீர்ப்புச் சொல்லிற்று. உத்தியோகத்துக்கு ஆபத்து நீங்கியது. வேறு இடமாயிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். தெய்வத்தின் மேல் பழியைப் போட்டாயிற்று. தெய்வமோ மேல் முறையீடு செய்வதில்லை.

ஆனால் தளத்தின் தலைவரான மேஜர் ஜெனரல் பிரெட் போரம் என்பவர் அவ்வளவில் திருப்தியடைகிற மனுஷரல்ல. பாபுஷையும் மில்லரையும் அழைத்து, சுழற்காற்றை முன்கூட்டிச் சொல்ல வழி உண்டா என்று ஆராயும்படி உத்தரவிட்டார். தளத்தில் விமானங்களையும் ஆட்களையும் எப்படிக் காப்பது என்பதற்கும் திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது.

அடுத்த மூன்று தினங்கள் இருவரும் பழைய வானிலைப் படங்களின் நடுவே மூழ்கிக் கிடந்தார்கள். முன்பு சுழற்காற்று வந்த நாட்களில் எல்லாம் தரையில் காற்று எப்படி இருந்தது, பலூன்களில் கருவிகளைக் கட்டி அனுப்பி அளந்த மேல் வானத்தில் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னரே சிலர் இந்த வகையில் ஆராய்ந்து எழுதி வைத்திருந்தவையும் உதவின. பார்க்கப் பார்க்க, வெவ்வேறு வருஷங்களின் படங்களில் ஒரே முகச்சாயல் தெரியலாயிற்று.

அது என்ன என்பதை நம் வீட்டுச் சமையலறையை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். தெற்கே மெக்ஸிகோ வளைகுடாவிலிருந்து சூடும் ஈரமும் மிகுந்த காற்று தரையை ஒட்டி வருகிறது. அதன்மேல், மேற்கே மேட்டு நிலத்திலிருந்து வரும் உலர்ந்த காற்று ஒரு மூடியைப் போல் படிகிறது. உலைப் பானையின் மீது கனமான மூடி போட்ட மாதிரி. வெயில் ஏற ஏற உள்ளே ஆவி பொருமுகிறது, மூடி விடுவதில்லை. பிறகு மேற்கிலிருந்து குளிர்ந்த காற்றின் முனை ஒன்று வந்து அடியில் நுழைந்து தூக்கினால், மூடி பிய்த்துக்கொண்டு போய், ஒரு மணி நேரத்தில் எட்டு மைல் உயரத்துக்கு இடி மேகம் எழும்பிவிடுகிறது. இத்துடன், மேல் வானத்தில் ஒடுங்கிய ஆறு போல் மகா வேகமான காற்று ஓடவேண்டும். கீழே காற்று தெற்கிலிருந்து வர, மேலே அது மேற்கிலிருந்து விரைந்தால், இடையிலுள்ள காற்றின் கதி என்ன? நம் வீட்டுப் பெண்டிர் விளக்குத் திரி திரிக்கும்போது இரு உள்ளங்கைகளும் எதிரெதிராய்ப் போக நடுவில் பஞ்சு உருளுகிறதல்லவா? அப்படியே காற்றும் படுக்கை வாட்டில் உருளுகிறது. மேலே எழும்பும் மேகம் அந்தத் திரியைத் தூக்கி நிமிர்த்திவிட்டால், நிற்கும் சுழல் ஆகிறது. இந்தத் திரி விஷயத்தைப் பிற்காலத்து விஞ்ஞானிகளே தெளிவாக்கினார்கள். பாபுஷும் மில்லரும் அன்று கண்டது, இவையெல்லாம் ஒரே இடத்தில் ஒரே வேளையில் சந்திக்கும் நாள்தான் ஆபத்தான நாள் என்பது.

மார்ச்சு 25-ந் தேதி காலை வந்தது. அன்றைய படத்தை விரித்ததும் இருவருக்கும் அடிவயிறு கலங்கிற்று. 20-ந் தேதிப் படத்தின் அச்சாக இருந்தது அது! ஜெனரல் போரத்துக்குச் செய்தி போயிற்று. அவர் வந்து பார்த்தார். முதலில், மாலை 5 மணிக்கு மேல் பலத்த இடிமழை வரும் என்று மட்டும் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். பிற்பகலில் மேற்கே இடி மேகங்கள் ஒரே வரிசையாக எழும்ப ஆரம்பித்தன. ஜெனரல் மறுபடியும் வந்து, சுழற்காற்று என்றே அறிவிக்கப் போகிறீர்களா என்று கேட்டார்.

இருவருக்கும் தர்மசங்கடம். ஒரே இடத்தை ஐந்து நாட்களுக்குள் இரண்டாம் முறை சுழற்காற்று தாக்குவதற்கு இரண்டு கோடியில் ஒரு பங்குதான் சாத்தியம் என்று கணக்குச் சொல்வார்கள். அறுபது வருஷமாய் அந்த நாட்டில் ஒருவரும் பகிரங்கமாய்ச் செய்யாத காரியம். அறிவித்தால் தளத்தின் வேலை முழுவதும் நின்றுவிடும். வராமல் போனாலோ, ஆயுள் முழுவதும் அந்தப் பரிகாசத்தைச் சுமக்க வேண்டும். மழுப்பிப் பார்த்தார்கள். 20-ந் தேதியைப் போலவே இருக்கிறது என்பதற்குமேல் அவர்களுக்கு வாய் வரவில்லை. ஜெனரல் விடவில்லை. கடைசியில் பாபுஷ் வாசகத்தைச் சொல்ல, மில்லர் டைப் அடித்தார். பிற்பகல் 2 மணி 50 நிமிஷத்துக்கு அந்தக் காகிதம் வானிலை அறையை விட்டு வெளியே போயிற்று.

உடனே தளம் எறும்புப் புற்றைக் கலைத்தது போலாயிற்று. கொட்டகைகளில் அடங்கிய மட்டும் விமானங்களை உள்ளே தள்ளினார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டினார்கள். வந்துகொண்டிருந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பினார்கள். ஆட்களைப் பத்திரமான இடங்களுக்கு அனுப்பினார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரமும் காலியாயிற்று. பிறகு எல்லோரும் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

5 மணிக்கு இடி மேக வரிசை வில் ரோஜர்ஸ் நிலையத்தைக் கடந்தது. அங்கிருந்து வந்த செய்தி என்ன தெரியுமா? இலேசான மழை, பட்டாணி போல் கொஞ்சம் ஆலங்கட்டி, காற்று மணிக்கு 26 மைல். அவ்வளவே!

மில்லர் மனமுடைந்து வீட்டுக்குப் போய்விட்டார். ராணுவத்தை விட்டு வெளியேறினால் என்ன பிழைப்புச் செய்வது, கட்டிடங்களில் மின்சார ஏணி ஓட்டும் வேலையாவது கிடைக்குமா என்று அன்று மாலை யோசித்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்த இடத்தில் எனக்கு அவர்மீது ஏற்படும் அன்பு, அவருடைய ஆராய்ச்சிகளைப் படிக்கையில்கூட ஏற்படவில்லை. காலையில் படத்தைக் கண்டு நடுங்கிய அதே மனிதர், மாலையில், நடுங்கியது வீணாயிற்றே என்று துக்கப்படுகிறார்! சுழற்காற்று வரவில்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே நியாயம்? உத்தியோகம் மனிதனை இப்படியெல்லாம் ஆக்கிவிடுகிறது.

தளத்தில் தங்கியிருந்த பாபுஷ் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தென்மேற்கு மூலையில் இரண்டு இடி மேகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அவற்றின் நிறம் பச்சையும் கறுப்புமாய் மாறியது. மெதுவாக வட்டமிடத் தொடங்கின. திடீரென்று கூம்பு போல் ஒரு பாகம் கீழே பிதுங்கியது. நிறுத்தி வைத்திருந்த பெரிய விமானம் ஒன்றின் இறக்கை, காற்றில் விட்ட காகிதம் போல் நிதானமாக மேலே மிதந்து போயிற்றாம். அடுத்த கணம் தூள் தூளாயிற்றாம். அப்போது மணி 6.

வீட்டில் ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்த மில்லருக்கு, டிங்கர் தளத்தைச் சுழற்காற்று நாசம் செய்தது என்ற செய்தி காதில் விழுந்தது. ஐந்து நாளைய பழைய செய்தியை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே என்றுதான் முதலில் எண்ணினார். பிறகுதான் உறைத்தது. டெலிபோனை எடுத்தால் தொடர்பு அறுந்து கிடந்தது. மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடினார். கம்பங்கள் சாய்ந்து, இடிபாடுகள் சிதறிக் கிடந்த தளத்தில் பாபுஷைக் கண்டார். இம்முறையும் உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம் அறுபது லட்சம் டாலர். முன்னதாகவே ஒதுக்கி வைத்திராவிட்டால் இன்னும் எத்தனையோ.

இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பீர்களானால், பெரும் பங்கு என்றே சொல்வேன். அந்தப் பிரதேசத்தில் அன்று சுழற்காற்று தோன்றக்கூடும் என்பது வித்தை. அது சரியாக ஓடுபாதையின் மேல் நடந்து போனது அதிர்ஷ்டம். இக்காலத்து நிபுணர் எவரும் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன்மேல் சுழற்காற்று விழும் என்று சொல்லத் துணியமாட்டார். ஆனால் இருவரும் அந்த ஒரு நாள் புகழை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. வானத்தின் ஒவ்வொரு அடுக்கிலும் உள்ள நிலைமையை வெவ்வேறு நிறத்தில் ஒரே படத்தின்மேல் வரைந்து, அவை எங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பார்க்கும் முறையை நாளுக்கு நாள் செம்மைப்படுத்தினார்கள். ஸ்டாரெட் என்பவரையும் சேர்த்துக்கொண்டு 1951-ல் தங்கள் முறையை ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே வருஷம் டிங்கர் தளத்தில் ராணுவ நிலையங்கள் அனைத்துக்கும் கடும்புயல் எச்சரிக்கை செய்யும் மத்திய நிலையம் ஒன்று ஏற்பட்டது. 1956-ல் அது கான்ஸாஸ் நகரத்துக்கு மாறியது. மில்லர் 1967-ல் தொகுத்த கைந்நூலை ஒரு தலைமுறை வானிலைக்காரர்கள் பாடமாகப் படித்தார்கள்.

ராணுவத்துக்கு மட்டும் சுழற்காற்று தெரியவருகிறது, ஜனங்களுக்கு ஏன் சொல்வதில்லை என்று கேள்வி கிளம்பாமல் இருக்குமா? 1950 ஜூலை 12-ந் தேதி வானிலை இலாகாவின் தலைவர் பிரான்ஸிஸ் ரைக்கல்டர்பர், அச்சொல்லை உபயோகிக்கத் தடை எதுவும் இல்லை என்று சுற்றறிக்கை விட்டார். 1952 மார்ச்சு 17-ந் தேதி பொதுஜனங்களுக்காக முதல் சுழற்காற்று அறிவிப்பு வெளியாயிற்று. ஜனங்கள் கதிகலங்கி ஓடவில்லை. பயந்தது ஜனங்களல்ல, அதிகாரிகள்தான் என்பது அறுபது வருஷங்களுக்குப் பிறகு தெரிய வந்தது. இதற்கிடையில் மாண்டவர்களுக்கு இந்தச் செய்தியை யார் போய்ச் சொல்வது?

இப்பொழுது அமெரிக்கா முழுவதற்கும் கடும்புயல் அறிவிப்புச் செய்யும் நிலையம் நார்மன் என்னும் ஊரில் இருக்கிறது. 1997-ல் அங்கே வந்தது. டிங்கர் தளத்திலிருந்து மோட்டாரில் அரைமணி நேரப் பிரயாணந்தான். மேகத்தின் உள்ளே காற்று சுழலுவதையே காட்டும் ராடார் யந்திரங்கள் வந்துவிட்டன. இருந்தாலும் ஓர் ஊருக்கு இன்ன நேரம் ஆபத்து என்று குறிப்பாகச் சொல்வது, பெரும்பாலும் கால் மணிக்கு உட்பட்ட அவகாசத்தில்தான் முடிகிறது. அப்படிச் சொல்லும் எச்சரிக்கைகளில் வீணாய்ப் போனவை எத்தனை என்று நெடுங்காலம் கணக்கெடுத்துப் பார்த்தால், நூற்றுக்கு எழுபதுக்குக் குறைவில்லை. பின்லிக்கு 72 அல்லவா?

ஓக்லஹோமாவில் பல வீடுகளுக்கு நிலவறை உண்டு. சங்கு ஊதினால், வீட்டுக்காரி அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தைகளையும் நாய்க்குட்டியையும் இழுத்துக்கொண்டு படியிறங்குகிறாள். பத்துக்கு ஏழு தடவை, அரைமணி கழித்து மேலே ஏறி வந்து மறுபடியும் அடுப்பை மூட்டுகிறாள்.